காஓர் சிவப்பு ஒயினும் அதற்கேற்ற உணவுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காஓர் என்பது எந்த ஒயின்? அது எங்கே விளைகிறது?

பிரான்சின் தென்மேற்கில், துலூஸ் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தொலைவில், லொத் ஆறு மூன்று பக்கமும் சூழ்ந்து ஓடும் ஒரு திருப்பத்தில் காஓர் நகரம் அமைந்திருக்கிறது. அந்நகரிலிருந்து மேற்கு நோக்கி ஆறு வளைந்து வளைந்து செல்லும் பள்ளத்தாக்கிலும், அதன் தென்புறம் உயர்ந்து கிடக்கும் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலத்திலும் விளையும் திராட்சையிலிருந்து எடுக்கப்படும் சிவப்பு ஒயினுக்கே காஓர் என்ற பெயர் உரியது. பர்னாக், லுசெக், பிரேசாக், புய் லெவேக் ஆகிய ஊர்கள் இந்த விளைநிலத்தின் நடுப்பகுதியில் இருக்கின்றன. இப்பகுதியின் பழைய பெயர் கெர்சி. இங்குள்ள உணவுகளைப் பற்றிப் பேசும்போது இப்பெயர் அடிக்கடி வரும்.

நாம் புவிசார் குறியீடு என்று சொல்வதற்கு நிகரான பிரெஞ்சுச் சட்டக் காப்பு இந்த ஒயினுக்கு 1971ஆம் ஆண்டில் கிடைத்தது. அதன் விதிப்படி, புட்டியில் உள்ள ஒயினில் குறைந்தது 70 விழுக்காடு மால்பெக் என்ற திராட்சை வகையிலிருந்து வந்திருக்க வேண்டும். எஞ்சியதை மெர்லோ, தன்னா ஆகிய இரு வகைகளைக் கொண்டு நிரப்பலாம். காஓர் என்ற பெயரில் வெள்ளை ஒயினோ இளஞ்சிவப்பு ஒயினோ கிடையாது. அதே தோட்டக்காரர் அவற்றைத் தயாரித்தால் கோத் து லொத் போன்ற வேறு பெயரில்தான் விற்க வேண்டும்.

மால்பெக் அர்ஜென்டினாவின் திராட்சை அல்லவா?

இன்று உலகில் மால்பெக் கொடிகள் மிகுதியாக உள்ள நாடு அர்ஜென்டினா என்பது உண்மை. ஆனால் அந்தக் கொடி பிறந்தது தென்மேற்குப் பிரான்சில். மரபணு ஆய்வுகள் ப்ருனெலார், மக்தலேன் நுவார் தெ ஷரான்த் என்ற இரு பழைய பிரெஞ்சு வகைகளை அதன் பெற்றோராக அடையாளம் கண்டுள்ளன. இரண்டாவது வகை மெர்லோவுக்கும் பெற்றோர் என்பதால், காஓர் புட்டியில் கலக்கப்படும் மால்பெக்கும் மெர்லோவும் ஒரு வகையில் உடன்பிறப்புகளே. காஓர் வட்டாரத்தில் இதனைக் கோ என்றும் ஒசெருவா என்றும் அழைக்கும் வழக்கமும் உண்டு.

பிரெஞ்சு வேளாண் அறிஞர் மிஷேல் புஜே 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இக்கொடியை அர்ஜென்டினாவின் மெண்டோசாவுக்குக் கொண்டு சென்றார். அங்கே அரசு வேளாண் பண்ணை ஒன்றை நிறுவுவதற்கான முன்மொழிவு 1853 ஏப்ரல் 17 அன்று முன்வைக்கப்பட்டது. அந்நாளே இன்று உலக மால்பெக் தினமாகக் கொண்டாடப்படுகிறது. ஆண்டீஸ் மலையடிவாரத்தின் உயரத்திலும் வறண்ட வெயிலிலும் விளைந்த மால்பெக் மென்மையும் பழச்சுவையும் மிகுந்து, தனியாகக் குடிப்பதற்கும் இதமாக இருக்கும். காஓரில் விளைந்ததோ புளிப்பும் துவர்ப்பும் கூடி, சற்று மண்வாசனையோடு, உணவை எதிர்பார்த்து நிற்கும். அர்ஜென்டினா மால்பெக்கை விரும்பியவர்கள் அதே எதிர்பார்ப்போடு காஓரைத் திறந்து ஏமாற்றமடைவது இதனால்தான்.

இதைக் கறுப்பு ஒயின் என்று ஏன் அழைக்கிறார்கள்?

மால்பெக்கின் தோலில் நிறமிகள் மிகுதி. அதனால் இளம் காஓர் கோப்பையில் ஏறத்தாழ மைநிறமாகவும், விளிம்பில் ஊதாவாகவும் தெரியும். எனினும் பழைய நாட்களில் அந்தப் பெயர் வந்ததற்கு நிறமி மட்டும் காரணமாக இருக்கவில்லை. சாற்றின் ஒரு பகுதியைக் கொப்பரையில் காய்ச்சி வற்ற வைத்து மீண்டும் சேர்ப்பதும், சில சமயம் திராட்சையையே சூளையில் வாட்டுவதும், ஒயின் நெடுந்தொலைவுப் பயணத்தைத் தாங்குவதற்காக வடித்தெடுத்த மதுவைக் கலப்பதும் முன்பு வழக்கத்தில் இருந்தன. அவ்வாறு அடர்த்தியாக்கப்பட்ட ஒயினை, மேற்கே உள்ள புகழ்பெற்ற ஒயின் துறைமுக நகரான போர்தோவின் வணிகர்கள் வாங்கி, வெளிறிய நிறமுடைய தங்கள் ஒயினுக்கு நிறமும் திடமும் சேர்க்கப் பயன்படுத்தினார்கள். குளோ திரிகெதினா என்ற தோட்டம், உலர்பிளம் வாட்டும் சூளையில் திராட்சையைச் சூடாக்கி, அந்தப் பழைய முறையை ஒட்டிய ஓர் ஒயினை அண்மைக் காலத்தில் மீண்டும் செய்யத் தொடங்கியது. மற்றபடி இன்று கடையில் கிடைக்கும் காஓர் காய்ச்சப்பட்டதன்று. கறுப்பு என்ற சொல் விளம்பரத்துக்கு உதவுகிறது; புட்டிக்குள் இருப்பதைப் பற்றி அது அதிகம் சொல்வதில்லை.

பழமையான ஒயினாக இருந்தும் போர்தோ அளவுக்குப் புகழ் பெறாதது ஏன்?

முதற்காரணம் ஆறு. லொத் ஆறு கரோன் ஆற்றில் கலக்கிறது, கரோன் போர்தோ துறைமுகத்துக்குச் செல்கிறது. ஆகவே காஓர் ஒயின் கடலை அடைவதற்குப் போட்டியாளரின் வாசலைத்தான் கடக்க வேண்டியிருந்தது. 1152ஆம் ஆண்டில் அக்கித்தேன் இளவரசி எலெனோர், பின்னாளில் இங்கிலாந்தின் மன்னரான இரண்டாம் ஹென்றியை மணந்ததும், தென்மேற்குப் பிரான்சின் ஒயினுக்கு ஆங்கிலேயச் சந்தை திறந்தது. அந்தச் சந்தையில் முந்திக்கொள்ள விரும்பிய போர்தோ நகரத்தார், காஓர் போன்ற ஆற்றின் மேற்பகுதி ஊர்களின் ஒயின்கள் தங்கள் துறைமுகத்துக்கு வருவதை ஆண்டின் பிற்பகுதி வரை, அதாவது நவம்பர் 11இல் வரும் புனித மார்ட்டின் திருநாள் வரையோ கிறிஸ்துமஸ் வரையோ, தடுத்து வைக்கும் சலுகையை மன்னர்களிடம் பெற்றார்கள். அதற்குள் ஆங்கிலேயக் கப்பல்களில் பெரும்பாலானவை போர்தோவின் சொந்த ஒயினை ஏற்றிக்கொண்டு புறப்பட்டிருக்கும். பல நூற்றாண்டுகள் நீடித்த இந்தத் தடையை 1776இல் நிதியமைச்சர் துர்கோவின் ஆணை நீக்கியது.

விடுதலை கிடைத்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டில் ஃபைலோக்சரா என்ற வேர்ப்பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்தபோது காஓரும் தப்பவில்லை. மீட்பு மிக மெதுவாக நடந்தது. பலர் மால்பெக்கைக் கைவிட்டு, விளைச்சல் மிகுந்த தரங்குறைந்த கலப்பினக் கொடிகளை நட்டார்கள். 1947இல் பர்னாக்கில் தொடங்கப்பட்ட கூட்டுறவுச் சங்கம் நல்ல மால்பெக் கொடிகளைத் தேர்ந்தெடுத்துப் பரப்பும் வேலையை மேற்கொண்டிருந்த நிலையில், 1956 பிப்ரவரியில் வரலாறு காணாத உறைபனி வந்தது. இதமான ஜனவரியில் உயிர்ச்சாறு ஏறத் தொடங்கியிருந்த கொடிகள் அந்தக் குளிரில் வெடித்துச் செத்தன. இப்பேரழிவில் ஒரு வாய்ப்பும் கிடைத்தது. எதை நடுவது என்று முதலிலிருந்து முடிவுசெய்ய வேண்டிய நிலையில் விவசாயிகள் மால்பெக்கையே தேர்ந்தெடுத்தார்கள். அந்த முடிவின் பலன்தான் 1971இல் கிடைத்த சட்டக் காப்பு. எனவே ஆயிரம் ஆண்டு மரபு என்று பெருமை பேசப்பட்டாலும், இன்றைய தோட்டங்களின் பெரும்பகுதி 1956க்குப் பின் நடப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

காஓரின் சுவை எப்படி இருக்கும்? எல்லாப் புட்டிகளும் ஒன்றுபோல் இருக்குமா?

கறுப்பு பிளம், நாவல்பழத்தை நினைவூட்டும் கருநீலப் பழங்கள், வயலெட் பூ, சிறிது அதிமதுரம் ஆகியவற்றின் மணங்களை இளம் காஓரில் உணரலாம். நாக்கில் துவர்ப்பு உறுதியாக இருக்கும். பத்து ஆண்டுகள் கழிந்தபின் புகையிலை, தோல், ஈர இலை, காளான் என மணம் மாறும்.

விளைந்த இடம் சுவையை வெகுவாக மாற்றுகிறது. ஆற்றுக்கு அருகிலுள்ள தாழ்ந்த வண்டல் நிலத்தில் விளைந்தது இலகுவாகவும், சீக்கிரம் குடிக்கத் தக்கதாகவும் இருக்கும். அதற்கு மேல் படிப்படியாக உயரும் சரளைக்கல் அடுக்குகளில் விளைந்தது உருண்டு திரண்ட சுவையுடையது. மேட்டுநிலத்தின் சுண்ணாம்புக்கல்லில் விளைந்தது புளிப்புத் தூக்கலாக, மெதுவாக முதிர்வது. இதனோடு தயாரிப்பாளரின் விருப்பமும் சேர்கிறது: மெர்லோ கலந்து தொட்டியில் முதிர்த்தவை ஒரு வகை, முழுவதும் மால்பெக்காகப் புதிய ஓக் மரப் பீப்பாயில் ஒன்றரை ஆண்டுகள் வரை வைத்திருந்தவை மற்றொரு வகை. பின்னதில் சில, மரத்தின் வனிலா மணம் பழத்தை மூடிவிடும் அளவுக்கு மிகையாகச் செய்யப்படுகின்றன. விலை உயர்ந்ததே உணவோடு சிறந்தது என்று எண்ணாமல், வாத்துக்கோ ஆட்டிறைச்சிக்கோ நடுத்தர விலையுள்ள சரளைநிலக் காஓரைத் தேடுவது பெரும்பாலும் நல்ல முடிவாக இருக்கும்.

வாத்து இறைச்சியோடு இதனைச் சேர்த்தே சொல்வது ஏன்?

காஓரைத் தனியாகக் குடித்துவிட்டு முரட்டு ஒயின் என்று ஒதுக்குவோர் பலர். இந்த ஒயினைக் கொழுப்பில்லாமல் மதிப்பிடுவதே தவறு என்பது இப்பக்கத்தின் கருத்து. அதற்குச் சிறந்த சான்று வாத்து கோன்ஃபி.

கோன்ஃபி செய்யும் முறை எளியது, ஆனால் பொறுமை வேண்டும். வாத்தின் கால்களைக் கல்லுப்பில் ஓர் இரவு ஊறவைத்து, உப்பைத் துடைத்து, வாத்துக் கொழுப்பிலேயே மூழ்கச் செய்து, கொழுப்பு கொதிக்காத அளவு மெல்லிய சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் வேகவைப்பார்கள். பின்னர் அதே கொழுப்பு மூடியிருக்க ஜாடியில் அடைத்துக் குளிர்ந்த இடத்தில் வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் பண்ணை வீடுகளின் குளிர்கால இறைச்சி இதுவே. பரிமாறும்போது தோல் மொறுமொறுக்கும் வரை வாட்டி, அதே கொழுப்பில் பூண்டும் பார்ஸ்லியும் சேர்த்து வதக்கிய உருளைக்கிழங்கோடு வைப்பார்கள்.

ஒயினின் துவர்ப்புக்குக் காரணமான டானின்கள் நம் உமிழ்நீரிலுள்ள புரதங்களோடு பிணைந்து அவற்றின் வழுவழுப்பை நீக்குகின்றன. வாய் உலர்ந்து சொரசொரப்பாவது இதனால்தான். வாயில் இறைச்சிப் புரதமும் கொழுப்பும் இருக்கும்போது டானின்களில் ஒரு பகுதி அவற்றோடு பிணைந்துவிடுவதால் துவர்ப்பு அடங்குகிறது. உப்பு கசப்பை மட்டுப்படுத்துகிறது. மறுபக்கம், ஒயினின் புளிப்பும் துவர்ப்பும் நாக்கில் படிந்த கொழுப்பின் கனத்தைக் குறைத்து, அடுத்த வாய்க்கு இடம் செய்கின்றன. ஒரு வாய் இறைச்சிக்குப் பிறகு அதே ஒயின் மென்மையாகி, அதுவரை மறைந்திருந்த பழச்சுவை வெளிப்படுவதை எவரும் தம் மேசையிலேயே சோதித்துப் பார்க்கலாம்.

கொழுத்த வாத்தின் நெஞ்சுப்பகுதியான மக்ரேயைத் தோல்பக்கம் நன்கு வாட்டி, உள்ளே சிவந்திருக்கும்படி சமைத்தாலும் காஓர் பொருந்தும். உள்ளே சிவந்திருக்க வேண்டும் என்பதை வலியுறுத்த வேண்டியிருக்கிறது. முழுதும் வெந்து உலர்ந்த மக்ரேயோடு துவர்ப்பு மீண்டும் தலைதூக்கும். ஃபுவா க்ரா என்னும் கொழுத்த ஈரலைக் குளிர்ந்த நிலையில் பரிமாறும்போது மட்டும் இனிப்பு வெள்ளை ஒயினே சிறந்தது.

கசூலே காஓரின் உணவா?

அன்று. வெள்ளை பீன்ஸ், தொத்திறைச்சி, பன்றி இறைச்சி, வாத்து கோன்ஃபி ஆகியவற்றை மண்சட்டியில் அடுக்கி நெடுநேரம் சுட்டெடுக்கும் கசூலேக்கு உரிமை கொண்டாடுவோர் காஸ்தெல்நோதாரி, கார்கசோன், துலூஸ் ஊர்க்காரர்கள். அவர்கள் தங்களுக்கு அருகில் விளையும் ஒயினையே சொல்வார்கள். ஆயினும் கொழுப்பை உறிஞ்சிய பீன்ஸோடு காஓர் மிகவும் நன்றாக இருக்கும்.

ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி, வேட்டை இறைச்சி?

கெர்சி மேட்டுநிலத்தில் மேயும் செம்மறிகளுக்குக் கண்ணைச் சுற்றியும் காதுகளிலும் கருநிறம் இருக்கும். அந்த இனத்து ஆட்டுக்குட்டியின் காலைப் பூண்டும் தைம் என்னும் மூலிகையும் செருகிச் சுட்டால், மேட்டுநிலக் காஓருக்கு அதைவிடப் பொருத்தமான இணை இல்லை. மாட்டிறைச்சியில் கொழுப்போடிய விலாப்பகுதி ஏற்றது. காட்டுப்பன்றி, மான் ஆகியவற்றை ஒயினில் ஊறவைத்துச் சமைக்கும் குழம்புகளுக்கு முதிர்ந்த புட்டியைத் திறக்கலாம்.

கறுப்பு டிரஃபிளோடு எந்தக் காஓரைக் குடிக்க வேண்டும்?

காஓருக்குத் தெற்கே உள்ள லல்பாங்க் என்ற சிற்றூரில் குளிர்கால மாதங்களில் செவ்வாய்க்கிழமை பிற்பகல்களில் டிரஃபிள் சந்தை கூடுகிறது. ஓக் மர வேர்களைச் சார்ந்து மண்ணுக்கடியில் வளரும் இந்தக் காளானைச் சிறு கூடைகளில் வைத்து விற்பார்கள். ஒயின் விளையும் சுண்ணாம்பு நிலமே இதற்கும் உகந்தது.

டிரஃபிளின் மணம் நுண்மையானது. ஓக் மணம் வீசும் இளம் காஓர் அதனை நசுக்கிவிடும். பத்து ஆண்டுகளுக்கு மேல் முதிர்ந்து, தானே காளான் மணம் கொண்டுவிட்ட புட்டியே வேண்டும். டிரஃபிளை முட்டை ஆம்லெட்டில் போட்டுச் சாப்பிடுவது இங்கு வழக்கம். முட்டையின் மஞ்சள் கரு நாக்கில் படிந்து ஒயினின் சுவையை மழுக்கும் என்பதால், விலை உயர்ந்த பழைய புட்டியை ஆம்லெட்டுக்கு வீணாக்காமல், டிரஃபிள் சேர்த்த இறைச்சிக்கு வைத்துக்கொள்வது நல்லது.

எந்தப் பாலாடைக்கட்டி பொருந்தும்?

இங்கே உள்ளூர் வழக்கமும் நாக்கும் ஒத்துப்போவதில்லை. ரொக்கமதூர் என்ற, ஏறத்தாழ 35 கிராம் எடையுள்ள, தட்டையான வெள்ளாட்டுப் பாலாடைக்கட்டி இந்த வட்டாரத்தின் பெருமை. காஓரோடு அதை வைப்பது விருந்தோம்பலின் பகுதி. ஆனால் இளம் வெள்ளாட்டுக் கட்டியின் புளிப்போடு காஓரின் துவர்ப்பு மோதி உலோகச் சுவை எழும். உலர்ந்து கெட்டியான ரொக்கமதூரும் இலகுவான காஓரும் ஓரளவு சமாதானமாகும். மென்மையான கட்டிக்கு வெள்ளை ஒயினே சரி. பக்கத்து மலைப்பகுதிகளிலிருந்து வரும் காந்தால், லாயோல் போன்ற கெட்டியான பசும்பால் கட்டிகள் காஓருக்கு நல்ல துணை. ரோக்ஃபோர் போன்ற நீலப்பூஞ்சைக் கட்டியைத் தவிர்க்கவும்.

சைவ உணவு உண்பவர்களுக்கு என்ன பரிந்துரை?

துவர்ப்பைத் தாங்கப் புரதமும் கொழுப்பும் வேண்டும் என்ற விதி இங்கும் பொருந்தும். செப் என்னும் காட்டுக் காளானைப் பூண்டோடு எண்ணெயில் நன்கு சிவக்க வதக்குவது கெர்சியின் இலையுதிர்கால உணவு. இறைச்சியில்லாத உணவுகளில் காஓருக்கு முதலிடம் அதற்கே. வெண்ணெயில் வேகவைத்த பச்சைப் பயறு வகைகள், சுட்ட கத்தரிக்காய், பாலாடைக்கட்டி மூடிச் சுட்ட உருளைக்கிழங்கு ஆகியவையும் ஏற்றவை. வால்நட் இங்கே ஏராளமாக விளைகிறது. ஆனால் அதன் தோலுக்கே துவர்ப்பு உண்டு என்பதால் பச்சையாகக் கொறிப்பதைவிட, வறுத்து, பாலாடைக்கட்டியோடு சேர்த்து உண்பது நலம். வினிகர் தூவிய சாலட் எந்தச் சிவப்பு ஒயினையும் தட்டையாக்கிவிடும்.

காரமான உணவு, மீன், இனிப்பு?

மிளகாய்க் காரத்தின் எரிச்சலை ஆல்கஹாலும் துவர்ப்பும் பெருக்கும். காஓரில் பொதுவாக 13 முதல் 14.5 விழுக்காடு ஆல்கஹால் இருப்பதால், காரசாரமான குழம்புக்கு இது தவறான தேர்வு. மிளகின் காரம் அவ்வளவு இடையூறு செய்வதில்லை. மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்த ஆட்டிறைச்சியோடு இளம் காஓரைத் துணிந்து குடிக்கலாம். எண்ணெய்ச்சத்துள்ள மீனோடு சிவப்பு ஒயின் குடித்தால் வாயில் நாற்றச் சுவை எஞ்சும். ஒயினிலுள்ள இரும்புச்சத்து அதற்கு ஒரு காரணம். இனிப்புப் பலகாரம் ஒயினைப் புளிக்கச் செய்யும்; இனிப்பு குறைந்த கறுப்புச் சாக்லேட் மட்டும் விதிவிலக்கு.

சூப்பில் ஒயின் ஊற்றிக் குடிப்பார்கள் என்பது உண்மையா?

உண்மைதான். தென்மேற்குக் கிராமங்களில், சூப் முடியும் தறுவாயில் கிண்ணத்தின் அடியில் சிறிது சாறு எஞ்சியிருக்கும்போது, அதில் சிவப்பு ஒயினை ஊற்றிச் சுழற்றி, கிண்ணத்தையே வாயில் வைத்துக் குடிப்பார்கள். இதற்கு ஷாப்ரோ என்று பெயர். விலை குறைந்த ஒயின் போதும். நாகரிகமான உணவகத்தில் செய்தால் பிரான்சிலும் சிலர் முகம் சுளிப்பார்கள்.

எந்த வெப்பநிலையில், எப்படிப் பரிமாற வேண்டும்?

இலகுவான இளம் காஓருக்கு 14 முதல் 16 டிகிரி செல்சியஸ், அடர்ந்ததற்கு 16 முதல் 18 டிகிரி. வெப்ப நாடுகளில் அறையின் வெப்பத்திலேயே பரிமாறினால் ஆல்கஹால் மட்டுமே மூக்கில் ஏறும். எனவே அரைமணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுக்க வேண்டும். அடர்ந்த இளம் ஒயினை வாய் அகன்ற கண்ணாடிக் குடுவைக்கு மாற்றி ஒன்றிரண்டு மணி நேரம் காற்றாட விடுவது துவர்ப்பைத் தணிக்கும். பழைய புட்டியை அவ்வாறு நெடுநேரம் விடக்கூடாது. அடிவண்டலைப் பிரிக்கும் அளவுக்குப் பரிமாறும் முன் மாற்றினால் போதும்.

எத்தனை ஆண்டுகள் வைத்திருக்கலாம்?

மெர்லோ கலந்த எளிய காஓரை நான்கைந்து ஆண்டுகளுக்குள் குடித்துவிடுவது நல்லது. மேட்டுநிலத்திலோ சரளை அடுக்குகளிலோ விளைந்த சிறந்த புட்டிகள் பத்து முதல் இருபது ஆண்டுகள் வரை முதிரும், இருட்டும் சீரான குளிர்ச்சியும் இருந்தால். அந்த வசதி வீட்டில் இல்லாதவர்கள் முதிர்த்தும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும்.

ரஷ்யத் தேவாலயங்களில் பயன்படும் காகோர் இதுதானா?

பெயர் இங்கிருந்து சென்றதே. ஆனால் காகோர் என்பது இனிப்பான, ஆல்கஹால் சேர்த்து வலுவூட்டப்பட்ட வேறு ஒயின். கிழக்கு மரபுத் திருச்சபையின் வழிபாட்டில் பயன்படுகிறது. வாத்தோடு அது பொருந்தாது.

சமையலில் காஓரை ஊற்றலாமா? மீந்ததை என்ன செய்வது?

மாட்டிறைச்சியை நெடுநேரம் வேகவைக்கும் குழம்புக்கும், உலர்பிளம் சேர்த்த வாத்துக் குழம்புக்கும் இது நன்றாக உதவும். ஓக் மணமில்லாத மலிவான புட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏனெனில் வற்றும்போது மரமணமும் துவர்ப்பும் செறிந்து கசப்பாகும். மீந்த ஒயினைத் தக்கையால் அடைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் மூன்று நாட்கள் வரை தாங்கும். இளம் காஓர் இரண்டாம் நாளில் சற்று மென்மையாகவே இருக்கும். அதற்கு மேல் போனால் குழம்பில்தான் சேர்க்க வேண்டும்.